பத்து ஆராங்கும் நம் வீட்டு அடுப்பும்



சிலாங்கூரில், ரவாங்கை அடுத்துப் பத்து ஆராங் என்றோர் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். 'ஆராங்' என்றால் கரி. நிலக்கரி என்பதே ஊரின் பெயர். அந்த ஊரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள, முதலில் நம் அடுப்படிக்குப் போவோம்.

அடுப்பில் விறகு எரிகிறது. அதிலுள்ள கரியம், காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. அந்தச் சேர்க்கையில் பிறப்பதுதான் வெப்பம். 12 கிலோ கரியம், 32 கிலோ பிராணவாயுவோடு சேர்ந்து 44 கிலோ கரியமில வாயு ஆகிறது. விறகு எரிந்து மறைந்துவிட்டது என்கிறோம். அது மறையவில்லை; கண்ணுக்குத் தெரியாத வாயுவாகக் காற்றில் கலந்துவிட்டது.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரஞ்செடிகளே நிலக்கரி. விறகைவிட அதில் கரியம் அதிகம். அதனால் வெப்பமும் அதிகம். பத்து ஆராங்கில் 1915இல் அதை வெட்டத் தொடங்கினார்கள். மலாயாவின் இரயில்களும் ஈயச் சுரங்கங்களும் மின் நிலையங்களும் அந்தக் கரியை நம்பியிருந்தன.

ஆனால் அந்தக் கரிக்கு ஒரு குணம் உண்டு. குவித்து வைத்தால் காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல ஏற்றுச் சூடாகி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அடுப்பில் நமக்கு உதவும் அதே சேர்க்கை, சுரங்கத்தில் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து. 1937இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு அங்கே வேலை நிறுத்தம் செய்தார்கள். அரசு படைபலத்தால் அதை முறித்தது.

பிறகு எண்ணெய் மலிவாயிற்று. இரயில்கள் எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறின. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. பலர் பிழைப்பைத் தேடி வெளியேறினார்கள். 1973இல் எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. ஒன்றையே நம்பியிருக்கக் கூடாதென்று மலேசிய அரசு 1981இல் எண்ணெய், எரிவாயு, நீர்மின்சாரம், நிலக்கரி ஆகிய நான்கையும் பயன்படுத்தும் கொள்கையை வகுத்தது. இன்று காப்பார் மின் நிலையத்திற்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் கரி வருகிறது.

நீர்மின்சாரத்திற்குப் புகை இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 1970களில் பேராக்கில் தெமெங்கோர் அணை எழுந்தபோது, ஒராங் அஸ்லி மக்கள் தங்கள் பழைய இடங்களை விட்டுப் போக நேர்ந்தது. ஒவ்வொரு சக்திக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் நாம் கேட்கப் பழக வேண்டும்.

வீட்டிலும் ஒரு விலை உண்டு. காற்றோட்டம் குறைந்தால் கரி அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மழை இரவாயினும், கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் படுக்காதீர்கள். இதை இன்றே பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.