எட்டாம் நாள் திரும்பி வா!

தடுப்பூசி எதிர்ப்பின் வரலாற்றைத் தேடிப் போனால் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் போய் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஜென்னரின் கொடும்பாவியோடு போன ஊர்வலம், அம்மை குத்திக்கொண்டவர்களின் உடம்பிலிருந்து குட்டி மாடுகள் முளைப்பதாக கில்ரே 1802-ல் வரைந்த கேலிச்சித்திரம், அபராதம் கட்டமாட்டேன் என்று சிறைக்குப் போன அப்பாக்கள்... இதையெல்லாம் படித்துவிட்டு, 'பாவம், விவரம் தெரியாத ஜனங்கள்' என்று நகர்ந்துவிடுவது சுலபம்.

அந்த ஜனங்கள் எதற்காகத்தான் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்று கொஞ்சம் நின்று பார்த்தால் வேறு சங்கதி தெரிகிறது. மதம், சுதந்திரம், விஞ்ஞானம் என்று மேடையில் பேசியவர்கள் பேசினார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற அம்மாக்களின் புகார் இன்னும் எளிமையானது. எங்கே வரச் சொல்கிறார்கள், எத்தனை நேரம் நிற்கவைக்கிறார்கள், யாரோடு சேர்த்து உட்காரவைக்கிறார்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஏன் வரச் சொல்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்குத்தான் இந்தக் கதையில் முக்கியமான இடம்.

எட்வர்ட் ஜென்னர் 1796-ல் எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் ஃபிப்ஸுக்குப் பசுவம்மையைக் குத்திப் பார்த்த கதை பாடப்புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது, அதற்கு அடுத்த குழந்தைக்குக் குத்த மருந்து எங்கிருந்து வந்தது என்பதை. அன்றைக்குக் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. மருந்துக் கம்பெனி கிடையாது. குத்திய இடத்தில் ஒரு கொப்புளம் எழும்பும். எட்டாம் நாள் வாக்கில் அது தெளிந்த நீர் கோத்துப் பக்குவமாக இருக்கும். (நம்மூரில் இதை அம்மைப்பால் என்றார்கள்.) அந்தக் கொப்புளத்தை லான்செட் என்ற சிறு கத்தியால் கீறி, கசியும் நீரைத் தொட்டு அடுத்த குழந்தையின் கையில் குத்த வேண்டும். அதன் கையில் எட்டு நாள் கழித்து இன்னொரு கொப்புளம். அதிலிருந்து அடுத்த குழந்தைக்கு. கையிலிருந்து கைக்கு! நாளைக் கடத்தினால் நீர் கலங்கிப் போய் எதற்கும் உதவாது.

1802-ல் இந்தியாவுக்கு இந்த மருந்து வந்து சேர்ந்ததும் இப்படித்தான். பாக்தாத், பஸ்ரா வழியாக ஆள் மாற்றி ஆள் குத்திக்கொண்டே பம்பாய் வரைக்கும் கொண்டுவந்தார்கள். அங்கே அதை முதலில் வாங்கிக்கொண்டது ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தையின் கை.

ஆக, குழந்தைதான் மருந்துப் புட்டி. இதை மனதில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போவோம்.

1840-ல் ஒரு சட்டம் போட்டு, அம்மை குத்துவதை இலவசமாக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள்? ஏழைகள் சட்டத்தை நிர்வகித்த உள்ளூர் வாரியங்களிடம். 'ஆலிவர் ட்விஸ்ட்' படித்தவர்களுக்கு அந்த வாரியங்களையும் அவை நடத்திய ஏழை விடுதிகளையும் பற்றித் தெரிந்திருக்கும். பட்டினி கிடந்தாலும் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று மானத்தோடு வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். இப்போது பிள்ளைக்கு அம்மை குத்த அதே வாரியத்தின் டாக்டரிடம் போக வேண்டும். இது தர்மக் காசில் சேராது என்று 1841-ல் தனியாக ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து விளக்க வேண்டியதாயிற்று. சட்டம் விளக்கிவிட்டது, ஊர் வாய் விளங்கிக்கொள்ளவில்லை.

பிறகு 1853. பிறந்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மை குத்தியாக வேண்டும், இல்லையென்றால் ஒரு பவுண்டு வரை, அதாவது இருபது ஷில்லிங் வரை அபராதம். ஒரு விவசாயக் கூலிக்கு அது ஒரு வாரச் சம்பளத்தைவிட அதிகம். 1867-ல் பிடி இன்னும் இறுகியது. குழந்தைக்குப் பதினான்கு வயது ஆகும்வரை பெற்றோர் மீது திரும்பத் திரும்ப வழக்குப் போடலாம் என்றார்கள். 1871-ல் இதற்கென்றே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு அதிகாரியை நியமிப்பது கட்டாயமாயிற்று.

பணம் உள்ளவர்களுக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. குடும்ப டாக்டர் வீட்டுக்கே வருவார். எந்தக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த அம்மைப்பால் என்று விசாரித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு இடத்தில் குத்தினால் போதும், குழந்தைக்கு வலிக்கும் என்று சொன்னால் அதையும் கேட்பார். இல்லாதவர்களுக்குத்தான் அரசாங்க நிலையம். தேவாலயக் கூடமோ, பள்ளிக்கூடமோ, டாக்டரின் அறையோ, வாரத்தில் குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு மணிக்கு அங்கே வந்துவிட வேண்டும். நான்கு இடத்தில் குத்துவது அங்கே வழக்கம். (தழும்பு கூடக்கூடப் பாதுகாப்பு கூடும் என்பதற்குப் பெரியம்மை மருத்துவமனையின் கணக்குகள் ஆதாரமாக இருந்தன. டாக்டர்கள் வேண்டுமென்று செய்த கொடுமை இல்லை. ஆனால் மூன்று மாதக் குழந்தையின் கையில் நான்கு புண் என்பது எந்தத் தாய்க்கும் லேசான விஷயமா?)

அந்த அறையைக் கற்பனை செய்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குக் குத்திக்கொள்ள வந்த குழந்தைகள் ஒரு பக்கம். போன செவ்வாய் குத்திக்கொண்டு இன்று 'எட்டாம் நாள்' காட்ட வந்த குழந்தைகள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். இவர்கள் கையில் இருப்பதைத்தான் அவர்கள் கையில் ஏற்ற வேண்டும். யாருக்கு இருமல், யாருக்குத் தட்டம்மை ஆரம்பம், யார் வீட்டில் என்ன நோய் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அழுகை ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். துணி வெளுத்தோ தைத்தோ பிழைக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி போச்சு. அடுத்த வாரம் வந்தால் அடுத்த வாரக் கூலியும் போச்சு.

நிலையங்களைக் கூட்டினால் நெரிசல் குறையுமே என்று யாருக்கும் தோன்றும். அரசாங்கம் அதற்கு நேர் எதிராகத்தான் யோசித்தது! அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஜான் சைமன் திறமைசாலி, பொதுச் சுகாதாரத்துக்கு உண்மையாக உழைத்தவர். அவருடைய காலத்துக் கொள்கை, நிலையங்கள் குறைவாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் கூட்டம் அதிகமாக இருக்க வேண்டும் என்பது. காரணம் மருந்துதான். ஒரு நிலையத்துக்கு வாரம் இரண்டே குழந்தைகள் வந்தால், ஒரு வாரம் இரண்டும் வராமல் போனால், சங்கிலி அறுந்துவிடும். அடுத்த வாரத்துக்கு அம்மைப்பால் இருக்காது. கண்ணாடிக் குழாயில் அடைத்தும், தந்தக் குச்சியில் உலரவைத்தும் அனுப்பிப் பார்த்தார்கள், கைக்குக் கை மாற்றுவது அளவுக்கு அது நம்பகமாகப் பலிக்கவில்லை. ஆகவே கூட்டத்தைத் திட்டம் போட்டே உண்டாக்கினார்கள். கிராமங்களில் இன்னும் மோசம். வாரா வாரம் குழந்தை கிடைக்காது என்பதால், வருடத்தில் சில வாரங்கள் மட்டும் முகாம் போட்டு, சுற்று வட்டாரக் குழந்தைகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக வரவழைத்தார்கள். குளிரிலோ மழையிலோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடை.

இந்தக் கணக்கை யாராவது தாய்மார்களிடம் உட்கார்ந்து விளக்கினார்களா? நோட்டீஸ் அனுப்பினார்கள். நோட்டீஸில் தேதியும் இடமும் அபராதத் தொகையும் இருக்கும்.

எட்டாம் நாள் விஷயம்தான் உச்சம். குத்தியது பலித்ததா என்று பார்க்கத் திரும்பி வா என்றது சட்டம். பார்த்துவிட்டு டாக்டர் சான்றிதழ் கொடுத்தால்தான் வழக்கிலிருந்து தப்பலாம். ஆனால் வந்த இடத்தில், டாக்டர் விரும்பினால் அந்தக் குழந்தையின் கொப்புளத்தைக் கீறி மற்றவர்களுக்காக அம்மைப்பால் எடுக்கலாம். ஏற்கெனவே வீங்கிச் சிவந்து, தொட்டாலே வீறிடும் கை! வேண்டாம் என்று தாய் கையை இழுத்துக்கொண்டால்? அதற்கும் இருபது ஷில்லிங் வரை அபராதம். 1867, 1871 சட்டங்களின் காலத்தில் நிலைமை இதுதான். பணக்காரர் வீட்டுக் குழந்தை பெற்றுக்கொண்டதோடு சரி. நிலையத்துக்கு வந்த ஏழைக் குழந்தை பெற்றுக்கொள்ளவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும்.

பக்கத்தில் இருப்பது யார் வீட்டுக் குழந்தை என்று தெரியாமல் அதன் கையிலிருந்து எடுத்ததைத் தன் குழந்தைக்கு ஏற்றுகிறார்களே என்ற பயத்தை அதிகாரிகள் மூடநம்பிக்கை என்றே பல வருடம் சொல்லிவந்தார்கள். இத்தாலியில் ரிவால்டா என்ற ஊரில் 1861-ல் இப்படிக் கைக்குக் கை குத்தியதில் நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியிருந்தது. இங்கிலாந்திலேயே 1871-ல் ஜோனதன் ஹட்சின்சன் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் அதே மாதிரி தொற்றிய நோயாளிகளைப் பற்றி ஆதாரத்தோடு மருத்துவர் சங்கத்தில் அறிக்கை கொடுத்தார். அபூர்வமாகத்தான் நடந்தது, சந்தேகமில்லை. ஆனால் தாய்மார்கள் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டதே. மாற்று வழியும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து எடுக்கும் முறையை நேப்பிள்ஸில் வெகுகாலமாகவே செய்துவந்தார்கள், 1860களில் அது பிரான்ஸுக்கும் பரவியது. இங்கிலாந்து அரசு லண்டனில் அதற்கென ஒரு நிலையம் திறக்க 1881 ஆயிற்று.

அதற்குள் கோபம் ஊர் ஊராக அமைப்பாகத் திரண்டுவிட்டது. லெஸ்டர் நகரம் மட்டும் 1880களின் தொடக்கத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைப் பார்த்தது. அபராதம் கட்டாத வீடுகளில் நாற்காலி, மேசை, கடிகாரம் என்று ஜப்தி செய்து ஏலம் போட்டார்கள். 1885 மார்ச்சில் அங்கே நடந்த கண்டனப் பேரணிக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். கொடும்பாவி ஊர்வலம் போனது அங்கேதான்.

இவ்வளவையும் சொன்னதால் அம்மை குத்தாமல் இருந்ததே நியாயம் என்று ஆகிவிடாது. 1871-72 கொள்ளைநோயில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெரியம்மையால் செத்தார்கள். குளோஸ்டர் நகரத்தில் எதிர்ப்புக்குப் பணிந்து வாரியம் 1887-லிருந்து வழக்குப் போடுவதையே விட்டிருந்தது. 1895-96-ல் அங்கே பெரியம்மை புகுந்தபோது சுமார் 2,000 பேருக்குக் கண்டு, 434 பேர் இறந்தார்கள். அதில் அம்மை குத்தாத சின்னக் குழந்தைகள் மிக அதிகம். அதன்பின் ஊரே அடித்துப்பிடித்துக்கொண்டு அம்மை குத்திக்கொள்ள ஓடியது. கோபத்துக்குக் காரணம் நிலையமும் சட்டமும். விலை கொடுத்தது குழந்தைகள்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஊர் ஸ்காட்லாந்து. அங்கும் 1863-லிருந்து கட்டாயம்தான், அதே மருந்துதான். ஆனால் ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. இங்கிலாந்து மாதிரி நிலையத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை, பெரும்பாலும் தெரிந்த டாக்டரே குத்திவிடுவார். அங்கே எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பவே இல்லை. ஹெர்ஷல் பிரபுவின் தலைமையில் 1889-ல் அமைத்த ராயல் கமிஷன் ஏழு வருடம் சாட்சி கேட்டு, கடைசியில் 1896-ல் வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய ஸ்காட்லாந்துதான். வயது வரம்பைத் தள்ளிவை, கன்றின் அம்மைப்பாலைப் பயன்படுத்து, டாக்டரை வீட்டுக்கு அனுப்பு, திரும்பத் திரும்ப அபராதம் போடுவதை நிறுத்து.

1898 சட்டம் இவற்றில் பெரும்பாலானதை ஏற்றது. கைக்குக் கை மாற்றுவது நின்றது. டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொரு நாள் வந்தார். எட்டாம் நாள் நடை ஒழிந்தது. மனசாட்சிப்படி மறுக்கிறேன் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி விலக்கு வாங்கவும் அதே சட்டம் வழி செய்தது. முதல் சில மாதங்களிலேயே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விலக்குகள் பதிவாயின! இனி அம்மை குத்துவது அவ்வளவுதான் என்று பலர் கையை உதறினார்கள். நடந்தது வேறு. அடுத்த சில ஆண்டுகளில் அம்மை குத்திய குழந்தைகளின் விகிதம் ஏறியது. 1901-02-ல் லண்டனில் பரவிய பெரியம்மை தந்த பயமும் அதில் ஒரு பங்கு. 1907-ல் விலக்கு வாங்குவதை இன்னும் சுலபமாக்கியதும் விகிதம் மறுபடி இறங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. விலக்கு கேட்டு மாஜிஸ்திரேட் முன்னால் வந்து நின்றவர்களில் அம்மாக்களும் உண்டு, அப்பாவுக்கு வேலைக்கு லீவு கிடைக்காது என்பதால். சட்டப்படி 'பெற்றோர்' என்றால் அப்பாதான், உனக்கு மறுக்க உரிமை இல்லை என்று சில மாஜிஸ்திரேட்டுகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். நாற்பத்தைந்து வருடம் நிலையத்து வரிசையில் குழந்தையோடு நின்றவர்கள் அவர்கள்தான்.