மலக்குழிக் காற்றும் ஓசூர் வகுப்பறையும்

2023 அக்டோபர் 13. ஓசூர் காமராஜ் காலனி மாநகராட்சி நடுநிலைப் பள்ளி. பிள்ளைகள் வாந்தி, மயக்கம் என்று அடுத்தடுத்துச் சுருண்டார்கள். கழிவுநீர்த் தொட்டி வாயு மீது சந்தேகம் விழுந்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 20 அன்று, மலக்குழி மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இரண்டையும் நாம் சேர்த்தே படிக்கிறோம், தோழர்களே.

மலக்குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது; தாழ்வான இடத்தில் தேங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து. குழிக்குள் இறக்கப்படும் நம் மக்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் இது.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மறுநாள் கருவியோடு வந்தால் என்ன சிக்கும்? உடனே 'பயத்தில் மயங்கினார்கள்' என்ற பேச்சு கிளம்பும். பயமும் பரவும், மறுக்கவில்லை. ஆனால் அளந்து பார்த்த பிறகு சொல்ல வேண்டியது அது. 2024 அக்டோபர் 25இல் திருவொற்றியூர் தனியார் பள்ளியிலும் மாணவர்கள் மயங்கினார்கள். நவம்பர் 4 பள்ளி திறந்ததும் மீண்டும் மயக்கம்.

விடுதியோ ஆலையோ, இப்படி நடந்தால் முதலில் எல்லோரையும் வெளியேற்றுங்கள். பிறகு எழுதி வையுங்கள்: எத்தனை மணி, எந்த அறை, தொட்டி எங்கே, கடைசியாக அள்ளியது இயந்திரமா, மனிதரா.