வேணுமெண்டு தவறவிட்ட பந்து: சொப்ட்போலில் ஒரு விதி வந்த கதை

நாங்கள் கிரிக்கெட்டோடு வளர்ந்த ஆக்கள். பந்து உயரக் கிளம்பினால் இரண்டு துடுப்பாட்டக்காரரும் யோசிக்காமல் ஓடுவார்கள். யாராவது பிடித்தால் அடித்தவர் அவுட். அதோடு பந்து செத்துவிடும். எதிர்முனையில் இருந்து ஓடினவருக்கு ஒரு நட்டமும் இல்லை. அதனால் 'ஓடுவமா, நிற்பமா' என்ற கேள்வியே எங்களுக்குப் பெரிதாக வந்ததில்லை.

சொப்ட்போலில் அந்தக் கேள்விதான் எல்லாமே. எல்லே விளையாடினவர்களுக்கு அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவது புதிதில்லை. ஆனால் இங்கே நான்கு தளங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 60 அடி. முதல் தளத்தில் ஒரு ஓட்டக்காரி நிற்கிறாள் எண்டு வைப்பம். அடுத்தவள் அடித்த பந்து மேலே போகிறது. அது பிடிபட்டால் ஓட்டக்காரி தன் தளத்தைத் தொட்ட பிறகுதான் முன்னேறலாம். முதலே வெளிக்கிட்டிருந்தால் திரும்பி வந்து தொடவேண்டும். அதற்குள் பந்து அந்தத் தளத்துக்கு வந்துவிட்டால் அவளும் அவுட். பிடிபடாமல் விழுந்தால் கதை தலைகீழ். அடித்தவள் முதல் தளத்துக்கு ஓடி வருகிறாள், ஒரு தளத்தில் இரண்டு பேர் நிற்க முடியாது. ஆகவே இவள் கட்டாயம் அடுத்த தளத்துக்கு ஓட வேண்டும். பந்து அவளுக்கு முன்னால் அங்கே போனால் அவுட்.

பந்து காற்றில் நிற்கிற அந்த இரண்டு, மூன்று செக்கன் முழுக்க அவள் நடுவில் நிற்கிறாள். இந்த விதிகள் ஒரே நாளில் எழுதப்பட்டவை இல்லை. யாரோ ஒரு தந்திரம் கண்டுபிடிக்க, அதற்குப் பதிலாக ஒவ்வொரு வரியும் சேர்ந்தது. சொப்ட்போல் பிறப்பதற்கு முன்பே, அதன் தாயான பேஸ்போலில் தொடங்கிய கதை இது.

1845இல் நியூயோர்க்கின் நிக்கர்பொக்கர் கழகம் எழுதிய விதிகளில், பந்து ஒருமுறை நிலத்தில் பட்டு எழும்பிய பிறகு பிடித்தாலும் அவுட். எங்கட ஒழுங்கை கிரிக்கெட்டில் 'வன் பிச் வன் ஹாண்ட்' எண்டு இருக்கே, கிட்டத்தட்ட அதுதான். அந்தக் காலத்தில் கையுறை இல்லை, பந்தை நேராகப் பிடித்தால் விரல் போகும். ஆனால் 1850களின் பிற்பகுதியில் அதே கழகத்துக்காரர்களே இதை மாற்றச் சொல்லி வாதாடினார்கள். ஒரு துள்ளலில் பிடிப்பது சின்னப்பிள்ளை விளையாட்டு, காற்றிலேயே பிடிப்பதுதான் ஆண்மை என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. பல வருட இழுபறிக்குப் பிறகு, 1864 டிசம்பரில் கூடிய கழகங்களின் மாநாடு துள்ளல் பிடியை நீக்கியது. எல்லைக்கு வெளியே போகும் பந்துக்கு மட்டும் அது 1880கள் வரை மிஞ்சி இருந்தது. 'ஆண்மை' எண்டு சண்டை பிடித்து வாங்கின இந்த விதியின்படிதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பெண்கள் சொப்ட்போல் ஆடுகிறார்கள். அதை நினைக்க எங்களுக்குச் சிரிப்புத்தான் வருகுது.

காற்றில் பிடித்தால்தான் அவுட் என்று ஆனதும் அடுத்த தந்திரம் வந்தது: பிடிக்காமல் விடுவது.

ஒருவர் அவுட். முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் ஓட்டக்காரர்கள். உள்களத்துக்குள்ளேயே ஒரு பந்து சும்மா உயர எழும்புகிறது, சின்னப் பிள்ளையும் பிடிக்கும். பிடிபடும் என்று நம்பி இருவரும் தளத்திலேயே நிற்கிறார்கள். களத்தடுப்பாளர் பந்தை வேண்டுமென்றே கீழே விட்டு, உடனே எடுத்து மூன்றாம் தளத்துக்கு எறிகிறார், அங்கிருந்து அது இரண்டாம் தளத்துக்குப் போகிறது. ஒரு அவுட் கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டு. சரி, இதை எதிர்பார்த்து ஓட்டக்காரர்கள் முதலே ஓடினால்? அப்போது பந்தைப் பிடித்துவிட்டு, அவர்கள் விட்டு வந்த தளத்துக்கு எறிவார். நின்றாலும் அவுட், ஓடினாலும் அவுட்.

இதில் பந்தைத் தவறவிடுகிறவருக்குத்தான் இலாபம். ஒழுங்காகப் பிடித்தால் ஒன்று, பிடிக்காவிட்டால் இரண்டு.

1890களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் நஷனல் லீக் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. இப்படியான பந்து எழும்பினால், அது பிடிபட்டாலும் விழுந்தாலும் அடித்தவர் அவுட் என்று நடுவர் அப்போதே அறிவிப்பார். அடித்தவர் போய்விட்டதால் பின்னாலிருந்து தள்ள ஆள் இல்லை, ஓட்டக்காரர்கள் தங்கள் தளத்திலேயே நிற்கலாம். விரும்பினால் ஓடலாம், ஆனால் அது அவர்களின் சொந்தப் பொறுப்பு. தொடக்கத்தில் ஒருவர் அவுட்டான நிலைக்கு மட்டும் இருந்த இந்த விதி, 1901இல் யாருமே அவுட்டாகாத நிலைக்கும் விரிந்தது. முதல் தளத்தில் மட்டும் ஆள் நின்றால் இது பொருந்தாது. ஏனென்றால் அடித்தவர் ஒழுங்காக ஓடினாலே முதல் தளத்தை எட்டிவிடுவார், தவறவிட்டும் பெரும்பாலும் ஒரு அவுட்தான் கிடைக்கும்.

1975இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆய்விதழில் இந்த விதியைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் போடவில்லை. வில்லியம் ஸ்டீவன்ஸ் என்ற சட்ட மாணவர்தான் அவர். பகிடி போலத் தொடங்கினாலும் அதன் வாதம் கனமானது. கனவான்கள் மட்டும் ஆடுகிற விளையாட்டு என்றால் இப்படி ஒரு விதி தேவைப்பட்டிராது, 'அது எங்கட பண்பில்லை' எண்டு விட்டிருப்பார்கள். வெல்வதே முக்கியம் என்று ஆன பிறகு பண்பை நம்பி இருக்க முடியாது, எழுதித்தான் வைக்க வேண்டும். சட்டம் வளர்கிற விதமும் இதுதான்: ஒரு குறிப்பிட்ட குறும்புக்கு ஒரு குறிப்பிட்ட மருந்து. ஒரு மாணவர் எழுதிய அந்தச் சில பக்கங்களைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.

இதெல்லாம் சொப்ட்போலுக்கு எப்படி வந்தது? 1887 நவம்பரில் சிக்காகோவின் ஃபரகட் படகுக் கழகத்துக்குள், ஒரு குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகச் சுற்றிக் கட்டி, தும்புத்தடிக் கம்பால் அடித்துத் தொடங்கியது இந்த விளையாட்டு. விதிகளை எழுதியவர் ஜோர்ஜ் ஹான்கொக். 'சொப்ட்போல்' என்ற பெயர் 1926இல்தான் வந்தது, 1934இல்தான் விதிகள் பொதுவாக ஒழுங்குபடுத்தப்பட்டன. பேஸ்போலின் பிள்ளை என்பதால் தாயின் காயங்களும் மருந்துகளும் சேர்ந்தே வந்தன. தன் பங்குக்கு அது ஒன்றைச் சேர்த்தது. பேஸ்போலில் ஓட்டக்காரர் பந்து வீசப்படும் முன்பே தளத்தை விட்டு நாலைந்து அடி தள்ளி நிற்கலாம். வேகப்பந்துச் சொப்ட்போலில் பந்து வீச்சாளரின் கையை விட்டுப் போகும் வரை கால் தளத்திலேயே இருக்க வேண்டும்.

விதி எழுதினால் பிரச்சினை முடிந்துவிடுமா? இல்லை. 'சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்து' என்று விதி சொல்கிறது. எது சாதாரணம் என்பதைப் பந்து காற்றில் இருக்கும்போதே நடுவர் தீர்மானிக்க வேண்டும். 2012 ஒக்டோபர் 5ஆம் திகதி அட்லாண்டாவில் நடந்த பேஸ்போல் தகுதி ஆட்டத்தில், உள்களத்திலிருந்து நன்றாகத் தள்ளி விழுந்த ஒரு பந்துக்கு நடுவர் கையை உயர்த்தினார். பார்வையாளர்கள் போத்தல்களை மைதானத்துக்குள் எறிய, ஆட்டம் 19 நிமிடம் நின்றது. அட்லாண்டா 6-3 எனத் தோற்றது. அதைப் பற்றி இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.

அப்படியிருந்தும் இந்த விதியை நாங்கள் மதிக்கிறோம். அது கெட்டித்தனத்தைத் தடுக்கவில்லை. தளம் களவெடுக்கலாம், பந்துவீச்சாளரை ஏமாற்றலாம், எல்லாம் ஆட்டத்துக்குள் இருக்கு. எதைச் செய்தாலும் பிழையாகிற இடத்தில் ஒருவரை நிறுத்திவைத்து இலாபம் பார்ப்பதை மட்டும்தான் அது தடுக்கிறது. வேலை கேட்டுப் போனால் அனுபவம் கேட்கிறார்கள், அனுபவம் எடுக்கப் போனால் வேலையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இரண்டு தளத்துக்கும் நடுவில் நிற்பது எப்படி எண்டு நல்லாத் தெரியும். அந்த இடத்தில் நிற்கிறவருக்கு 'நீ இன்னும் கெட்டித்தனமாக ஓடியிருக்க வேணும்' எண்டு அறிவுரை சொல்லாமல், விதியை மாற்ற வேண்டும் என்று 1890களில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சொப்ட்போல் திரும்ப வருகிறது. உள்களத்தில் பந்து உயர எழும்பினால் பந்தை மட்டும் பார்க்காதீர்கள், நடுவரின் கையையும் பாருங்கள். கை உயர்ந்திருந்தால், தளத்தில் நிற்கிற ஓட்டக்காரி பயப்படாமல் அங்கேயே நிற்கலாம்.