மிஸ் வேர்ல்டில் அதிகம் பேசப்படாத ரவுண்டு... 'பியூட்டி வித் எ பர்ப்பஸ்' பற்றித் தெரியுமா?

வியட்நாமின் அப்போதைய யென் பாய் மாகாணத்தில் மலைமேல் ஒரு கிராமம். கரன்ட் கிடையாது. அங்கே மின்சாரம் கொண்டுபோகும் வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் டோ மி லின். அப்போது அவர் மிஸ் வியட்நாம். திட்டத்தின் பெயருக்கே 'கரன்டை முதுகில் சுமந்து ஊருக்குக் கொண்டுபோவது' என்றுதான் அர்த்தம். 2017 மிஸ் வேர்ல்டு போட்டிக்கு அவர் எடுத்துப்போனது இந்த வேலையைத்தான். கிரீடம் கிடைக்கவில்லை, டாப் 40-ஓடு நின்றுவிட்டார். ஆனால், அந்த வருஷம் 'பியூட்டி வித் எ பர்ப்பஸ்' விருதைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

அதென்ன விருது என்கிறீர்களா? மிஸ் வேர்ல்டு ஃபைனலை நீங்கள் ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். கவுன், கேள்வி-பதில், கண்ணீர் எல்லாம் அதில் வந்திருக்கும். இந்த ரவுண்டு அநேகமாக வந்திருக்காது. ஒவ்வொரு போட்டியாளரும் தன் நாட்டில் தான் செய்த ஒரு சேவைத் திட்டத்தை வீடியோவோடு சமர்ப்பிக்க வேண்டும். நடுவர்கள் அதைப் பார்த்து மதிப்பிடுவார்கள். இதில் ஜெயித்தால் அடுத்த கட்டத்துக்கு நேரடியாகவே இடம் கிடைக்கும். அதாவது, ராம்ப் வாக்கில் கொஞ்சம் சொதப்பினாலும் ஊரில் செய்த வேலை உங்களை மேலே தூக்கிவிடும்.

ஆரம்பத்தில் கதை இப்படி இல்லை. 1951-ல் லண்டனில் எரிக் மோர்லி இந்தப் போட்டியைத் தொடங்கியபோது அது ஒரு பிகினி போட்டி, அவ்வளவுதான். 1970-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பெண் விடுதலை இயக்கத்தினர் எழுந்து மாவு மூட்டைகளை வீசினார்கள். தொகுத்து வழங்கிய நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் மேடையைவிட்டே ஓடினார். எரிக்கின் மனைவி ஜூலியா மோர்லி 'பியூட்டி வித் எ பர்ப்பஸ்' என்ற சேவைப் பிரிவைத் தொடங்கியது 1972-ல். இரண்டையும் கோத்துப் பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்று, சேவை வந்துவிட்டது என்பதற்காக நீச்சலுடை உடனே போய்விடவில்லை. அதைக் கைவிடுவதாக அறிவித்தது 2014 டிசம்பரில். நாற்பது வருஷத்துக்கு மேல் இரண்டும் ஒரே போட்டிக்குள் இருந்தன!

நடுவில் 1996-ல் பெங்களூரில் போட்டி நடந்தபோது எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது. நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். மதுரையில் ஓர் இளைஞர் எதிர்ப்பு தெரிவித்துத் தீக்குளித்து உயிரையே விட்டார்.

சரி, சேவை வந்தது நல்லதுதானே? நல்லதுதான். 2017-ல் ஜெயித்த மானுஷி சில்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹரியானாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். மாதவிடாய் சுகாதாரம் பற்றி கிராமங்களில் பேசியதுதான் அவருடைய 'சக்தி' திட்டம். வீட்டில் அம்மாவிடமே வாயைத் திறக்கத் தயங்கும் விஷயம் உலக மேடை வரைக்கும் போனது. 2025 மே 31 அன்று ஹைதராபாத்தில் ஜெயித்த தாய்லாந்தின் ஓபல் சுசாட்டா பேசியது மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு பற்றி. 16 வயதில் அவருக்கே மார்பில் ஒரு கட்டி வந்து, அது புற்றுநோய் இல்லை என்று தெரிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். சொந்த உடம்பிலிருந்து வந்த பேச்சு என்பதால் மனப்பாடம் செய்த வாடை அதில் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், கிரீடத்துக்கு ஆயுள் சுமார் ஒரு வருஷம். கேமரா அடுத்த முகத்தைத் தேடிப் போய்விடும். அதற்குப் பிறகும் அந்த வேலை நடக்கிறதா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வருபவர் ரீட்டா ஃபாரியா. 1966-ல் மிஸ் வேர்ல்டு ஆன முதல் இந்தியர், முதல் ஆசியர். அப்போது அவரும் மருத்துவ மாணவி. பட்டத்தின் வருஷம் முடிந்ததும் சினிமா, மாடலிங் பக்கம் போகாமல் படிப்புக்கே திரும்பி டாக்டரானார். 'பியூட்டி வித் எ பர்ப்பஸ்' என்ற பெயரே அப்போது பிறந்திருக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே 2025 ஹைதராபாத் போட்டியில் மிஸ் இங்கிலாந்து மில்லா மேகி பாதியிலேயே வெளியேறினார். இதயத்துடிப்பு நின்றுபோனவருக்குக் கொடுக்கும் சி.பி.ஆர். முதலுதவியைப் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும் என்பது அவருடைய பிரசாரம். அதைப் பேச வந்த தன்னை ஸ்பான்சர்களை மகிழ்விக்கும் காட்சிப்பொருளாக நடத்தினார்கள் என்று ஊடகங்களிடம் குற்றம்சாட்டினார். போட்டி அமைப்பு அதை முழுக்க மறுத்தது. தெலங்கானா அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. யார் சொன்னது உண்மை என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. சேவைக்கு ஒரு ரவுண்டு ஒதுக்கிய மேடையிலேயே 'என் சேவையை யாரும் காதில் வாங்கவில்லை' என்று ஒரு போட்டியாளர் கிளம்பிப் போனார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமானவர்களுக்கு மிஸ் வேர்ல்டில் இடம் கிடையாது, அம்மாக்களுக்கும்தான். 2018-ல் மிஸ் உக்ரைன் பட்டம் வென்ற வெரோனிகா டிடுசென்கோ ஒரு குழந்தைக்குத் தாய் என்று தெரிந்ததும் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். (சேவை செய்யத் தாய்மை எப்படித் தடையாகும் என்று யாராவது விளக்கினால் தேவலை.) மணமான பெண்களுக்கென்றே 1984-ல் வந்தது மிஸஸ் வேர்ல்டு. இந்தியாவிலிருந்து 2001-ல் டாக்டர் அதிதி கோவித்ரிகரும், 2022-ல் சர்கம் கௌஷலும் அதை வென்றார்கள். அங்கேயும் கூத்துக்குப் பஞ்சமில்லை. 2021 ஏப்ரலில் கொழும்பில் மிஸஸ் ஸ்ரீலங்கா மேடையில், ஜெயித்தவர் விவாகரத்தானவர் என்று சொல்லி முந்தைய வெற்றியாளர் அவர் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றிய வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அவர் கணவரைப் பிரிந்து வாழ்பவர்தான், விவாகரத்து ஆகவில்லை என்று பிறகு கிரீடம் திரும்பி வந்தது. அந்த வெற்றியை அவர் தனியாகக் குழந்தை வளர்க்கும் அம்மாக்களுக்கு அர்ப்பணித்தார்.

இப்போது நம்ம ஊர்களிலும் 'மிஸ்', 'மிஸஸ்' என்று பெயர் வைத்த போட்டிகளின் விளம்பரம் இன்ஸ்டாவில் வந்துகொண்டே இருக்கிறது. 'சமூக சேவைக்காக' என்று போஸ்டரில் ஒரு வரியும் இருக்கும். உங்களுக்கோ உங்கள் அக்காவுக்கோ கலந்துகொள்ள ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். பணம் கட்டும் முன்னால் மட்டும் கொஞ்சம் கேள்வி கேளுங்கள். சேவைக்கு மொத்த மதிப்பெண்ணில் எவ்வளவு? யார் மதிப்பிடுகிறார்கள்? பதிவுக் கட்டணத்தில் சேவைக்குப் போவது எவ்வளவு, எந்த அமைப்புக்கு, ரசீது உண்டா? பதில் மழுப்பலாக வந்தால், அங்கே சேவை போஸ்டரில் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சுலபமான வழியும் உண்டு. போன வருஷம் அங்கே ஜெயித்தவரின் இன்ஸ்டா பக்கத்தைத் திறங்கள். முதியோர் இல்லம், மரக்கன்று, நோட்டுப் புத்தகம் என்று படங்கள் இருக்கும். கடைசிப் படம் எந்தத் தேதியில் நிற்கிறது என்று பாருங்கள். ஃபைனலுக்கு முந்தைய வாரமா, இல்லை போன மாசமா?