படகின் வளைந்த கண்ணாடியும் பெர்ஸ்பெக்ஸ் வந்த வழியும்

சின்ன மோட்டார் படகின் முன்னால் வளைந்து நிற்கிறதே, அதை நாம் கண்ணாடி என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது கண்ணாடி இல்லை. அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். எங்கள் காலத்துத் தொழிற்சாலைகளில் அதற்குப் பெயர் பெர்ஸ்பெக்ஸ். வனஸ்பதியை டால்டா என்று சொல்லிப் பழகியதைப் போல, ஐ.சி.ஐ. என்ற ஆங்கிலக் கம்பெனியின் வணிகப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. கண்ணாடியின் எடையில் பாதிதான் இருக்கும். கடைப் பெயர்ப் பலகையிலிருந்து கார் நம்பர் பிளேட் வரை நம் தலைமுறை அதைத் தினமும் பார்த்திருக்கிறது. ஆனால் அது வந்த வழி பலருக்குத் தெரியாது.

அந்த வழி ஆரம்பிப்பது ஜெர்மனியில், ஓட்டோ ரோம் என்பவரிடம். 1901இல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் அக்ரிலிக் அமிலத்தைப் பற்றித்தான் அவர் ஆய்வேடு எழுதினார். ஆனால் அதை வைத்து உடனே காசு பார்க்க முடியவில்லை. 1907இல் ஓட்டோ ஹாஸ் என்ற நண்பரோடு சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனி முதலில் விற்றது தோல் பதனிடும் மருந்து! அந்நாளில் தோலை மிருதுவாக்க நாய் எச்சத்தையும் புறா எச்சத்தையும் ஊறவைத்த நீரில் போடுவார்கள். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கும், ஆம்பூர், வாணியம்பாடியில் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கும் தோல் ஷாப்பின் நெடியை நான் விவரிக்க வேண்டியதில்லை. ரோம் அந்த எச்சத்துக்குப் பதிலாக, கால்நடைகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு ஒரு சரக்கு செய்தார். அது நன்றாக விற்றது. கம்பெனி நிலைத்து நின்ற பிறகு அவர் மறுபடியும் தன் பழைய அக்ரிலிக்குக்குத் திரும்பினார். 1933இல் தெளிவான, கெட்டியான தகடு பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் பதிவானது. ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ.யின் ஹில், கிராஃபோர்டு என்ற இரு வேதியியலாளர்கள் தனியாக வேலை செய்து அதே பொருளைக் கொண்டுவந்தார்கள். அதுதான் பெர்ஸ்பெக்ஸ்.

சரியான நேரத்தில் வந்தது என்றும் சொல்லலாம், கெட்ட நேரத்தில் வந்தது என்றும் சொல்லலாம். போர் விமானங்களுக்கு எடை குறைந்த, வளைந்த, ஊடே பார்க்கக்கூடிய மூடி தேவைப்பட்ட காலம். இந்தத் தகட்டைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கினால் துணிபோலத் துவளும். சுட்ட அப்பளத்தை அடுப்பிலிருந்து எடுத்த நொடியில் மடித்தால் மடியும், ஆறிய பின் தொட்டால் ஒடியும் அல்லவா, அந்தக் கணக்குதான். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் விமானியின் தலைக்கு மேல் இருந்த மூடி இதுவே.

நம் ஊருக்கு இதில் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டினால் சோழவரம். அங்கே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு, அந்த ஓடுதளத்தில்தான் சோழவரம் கார் ரேஸ் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரும்வரை, மோட்டார் பைத்தியம் பிடித்த மதராஸ்காரர்களுக்கு அதுதான் திருவிழா. தாழ்வான ஒற்றை இருக்கைக் கார்களில் ஓட்டுநரின் முன்னால் ஒரு முழம் அகலத்துக்கு வளைந்த பெர்ஸ்பெக்ஸ் துண்டு இருக்கும். விமானத்தில் பிறந்த பொருள் விமானத் தளத்தில் காருக்கு வந்து நின்றதை அன்று யாரும் யோசித்திருக்க மாட்டோம்.

படகுக்கு அது வந்ததும் போருக்குப் பின்புதான். சூடாக்கி வளைக்கும் வேலையில் கை தேர்ந்தவர்கள் மேல்நாடுகளில் நிறைய இருந்தார்கள். விமான ஆர்டர்கள் குறைந்தன. ஃபைபர் கிளாஸ் படகுகள் வரத் தொடங்கின. ஃபைபர் உடலை எந்த வளைவிலும் வார்க்கலாம் என்றால், முன்தடுப்பும் அதற்கேற்றபடி வளைய வேண்டாமா? அங்கே அக்ரிலிக் உட்கார்ந்துகொண்டது.

நம் பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. கட்டுமரத்தில் முன்தடுப்பு ஏது? சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகியபோதும் அவை திறந்த படகுகளே. வேகமாகப் போகும் ரோந்துப் படகு, ஆய்வுப் படகு, உல்லாசப் படகு இவற்றுக்குத்தான் முன்தடுப்பு வேண்டும்.

அப்படி ஒரு படகு 90களின் பின்பாதியில் சிப்காட்டில் எங்களுக்கு அடுத்த ஷெட்டுக்கு வந்தது. எண்ணூர்த் துறைமுகக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த காலம். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமெல்லாம் பிறகு வந்ததுதான். கடல் ஆழம் அளக்கப் போகும் வெளிநாட்டுப் படகு அது, லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். முன்தடுப்பு முழுக்கப் பாம்புச் சட்டைபோல மெல்லிய கீறல்கள். திருகு போட்ட இரண்டு ஓட்டைகளிலிருந்து நீள விரிசல். படகோட்டி எண்ணூர்க் குப்பத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். "காலைல கெழக்க போறப்ப எதிர் வெயில்ல ஒண்ணுமே தெரியல சார், ஒரே வெள்ளையா கெடக்குது. தலைய வெளிய நீட்டிக்கினுதான் ஓட்டுறேன்" என்றார். அதற்கு முந்தைய வாரம் இரண்டு பேர் இருந்த ஒரு கட்டுமரத்தைக் கடைசி நொடியில்தான் பார்த்துத் திருப்பினாராம். சொல்லும்போது அவர் கை லேசாக நடுங்கியது. அவருக்குத் தெரிந்த ஆட்கள், பக்கத்துக் குப்பம்.

கண்ணாடியைக் கெடுத்தது கடல் அல்ல, துடைத்த கை. தினமும் பளபளவென்று இருக்கட்டும் என்று யாரோ தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். அக்ரிலிக்குக்குத் தின்னர், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவும் ஆகாது. வளைத்த தகட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் இறுக்கம் தங்கியிருக்கும். இந்தத் திரவங்கள் பட்டதும் அந்த இறுக்கம் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்களாக வெடித்து வெளியே வரும். பாலிஷ் போட்டாலும் போகாது. மாற்றுவது ஒன்றே வழி.

படகு செய்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டிருந்தது. எனவே இங்கேயே செய்வது என்று முடிவாயிற்று. பக்கத்து ஷெட் மேஸ்திரி ஐ.டி.ஐ. கூடப் படிக்காதவர். ஆனால் அவர் வேலையைப் பார்க்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நாலு பேர் போய் நிற்போம்.

பழைய தகட்டை உடைக்காமல் கழற்றினார். விரிசல்களை டேப் ஒட்டிச் சேர்த்து, அதன் வளைவுக்கு மரச்சட்டங்களும் பிளைவுட்டும் கொண்டு ஓர் அச்சு செய்தார். அச்சின்மேல் மெத்தென்ற ஃபிளானல் துணி. சூடான தகடு எதைத் தொட்டாலும் அதன் தடத்தை வாங்கிக்கொள்ளும், மரத்தின் ரேகைகூடப் பதியும் என்பதால் அந்தத் துணி. பிறகு 6 மில்லிமீட்டர் வார்ப்புத் தகட்டில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, சூடு காட்டி, ஆறவிட்டு அளந்தார். வார்ப்புத் தகடு முதல் தடவை சூடாகும்போது நீள அகலத்தில் 2 சதவீதம் வரை சுருங்கும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு அது 30 மில்லிமீட்டர். அதைக் கணக்கில் வைத்து எல்லாப் பக்கமும் கூடுதலாக விட்டு வெட்டினார்.

பெயின்ட் உலர்த்தும் அடுப்புதான் சூளை. பாதுகாப்புக் காகிதத்தை உரித்துவிட்டுத் தகட்டை உள்ளே வைத்தார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கையுறை போட்ட நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து வெளியே எடுத்தபோது தகடு ஈர வேட்டிபோலத் தொங்கியது. அச்சின்மேல் போட்டு, இன்னொரு துணியை மேலே இழுத்துப் பிடித்தார்கள். மேஸ்திரி மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சட்டென்று ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும், பின்னால் அதுவே கீறலாகும். மே மாதப் பகலில் தகர ஷெட்டுக்குள் மின்விசிறி இல்லாமல் அரைமணி நேரம்!

ஓரங்களை அறுத்து, வாட்டர் பேப்பர் போட்டு வழவழப்பாக்கிய பிறகு, 80 டிகிரியில் சில மணி நேரம் மறுபடியும் வைத்து மெல்ல ஆறவிட்டார். வேலை முடிந்த தகட்டை ஏன் மறுபடி வேக வைக்கிறீர்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டார். "வளைச்ச வலி போகணும் சார்" என்றார் மேஸ்திரி. எஞ்சினியரிங் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதியிருப்பது அதுதான்.

ஓட்டை போடுவதில்தான் பழைய தகட்டுக்குக் கேடு நேர்ந்திருந்தது. 5 மில்லிமீட்டர் திருகுக்கு 5 மில்லிமீட்டர் ஓட்டையே போட்டு முறுக்கியிருந்தார்கள். அக்ரிலிக் வெயிலில் நன்றாக விரியும். ஒன்றரை மீட்டர் தகடு 30 டிகிரி வெப்ப மாற்றத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். கீழே உள்ள ஃபைபர் உடல் அந்த அளவுக்கு நீளாது. நகர இடம் இல்லாவிட்டால் திருகடியில்தான் பிளக்கும். மேஸ்திரி டிரில் பிட்டின் வெட்டு முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கினார். கூர்மையான பிட் கடித்து இழுத்துத் தகட்டைப் பிளந்துவிடும், மழுங்கினது சுரண்டிக்கொண்டே போகும். 8 மில்லிமீட்டர் ஓட்டை, ரப்பர் வாஷர், கையால் முறுக்கும் அளவுக்கே இறுக்கம், அடியில் ரப்பர் பட்டை. படகோட்டியிடம் ஒரே ஒரு புத்திமதி: முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவு, பிறகு சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும், வேறு எதுவும் வேண்டாம். அவர் உள்ளே உட்கார்ந்து, வெயிலுக்கு நேராகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பாலிகார்பனேட் போடலாமே, அது உடையாதே என்று கேட்பவர்கள் உண்டு. உடையாது, உண்மைதான். ஆனால் சுலபமாகக் கீறல் விழும், மேல்பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். நம் வெயிலுக்கு என் ஓட்டு அக்ரிலிக்குக்கே.

இந்தப் பொருளின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1940 ஆகஸ்ட் 15. கிளீவர் என்ற ஆங்கிலேய விமானியின் ஹரிக்கேன் சுடப்பட்டு, மூடி சிதறி, பெர்ஸ்பெக்ஸ் தூள்கள் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. வலது கண் பார்வை போயிற்று. அவருக்குச் சிகிச்சை செய்தவர் ஹாரல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர். அந்நியப் பொருள்கள் பல கண்ணுக்குள் போனால் சீழும் வீக்கமும் வரும். இந்தத் துண்டுகளோ வருடக்கணக்காக உள்ளேயே சும்மா கிடந்தன. கண் அவற்றை அந்நியமாக நினைக்கவில்லை. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், கண்புரை எடுத்த ஒரு நோயாளியின் கண்ணில் பெர்ஸ்பெக்ஸில் செய்த லென்ஸை ரிட்லி பொருத்தினார். பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏசினார்கள். கண்ணிலிருந்து எடுப்பது வைத்தியம், உள்ளே வைப்பது என்ன வைத்தியம் என்பது அவர்கள் வாதம். ஒப்புக்கொள்ளப் பல வருடங்களாயின. அந்த கிளீவருக்கே 1987இல் புரை வந்து, மிஞ்சியிருந்த கண்ணில் அக்ரிலிக் லென்ஸ் வைத்தார்கள்.

அதற்கு முன்பெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் புரை எடுத்துக்கொண்டு வந்து சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுத் தடவித் தடவி நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லென்ஸ் இறக்குமதியாகத்தான் வந்தது, ஏழைகளுக்கு எட்டாத விலை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் அரோலேப் என்ற பிரிவை ஏற்படுத்தி லென்ஸை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியது. விலை பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. அரசாங்க முகாமில் பஸ் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து அனுப்புவது அதற்குப் பிறகு வேகம் பிடித்தது.

அந்தக் கெட்டி லென்ஸை வைக்கக் கண்ணில் சற்று அகலமாகக் கீற வேண்டும். இப்போது வைப்பவை மடியக்கூடியவை. பெரும்பாலும் அதே அக்ரிலிக் குடும்பம்தான், கொஞ்சம் மிருதுவான வகை. சின்னத் துளை வழியாகச் சுருட்டி உள்ளே விட்டால் தானே விரிந்துகொள்ளும். என் இடது கண்ணில் இருப்பது பழைய கெட்டி வகை. ஆறு வருடம் கழித்து வலது கண்ணுக்குப் போனபோது வைத்தது மடியும் வகை.