கட்டுப்படுத்தப்பட்ட எண்ணிம இரவல்

கட்டுப்படுத்தப்பட்ட எண்ணிம இரவல் என்பது, ஒரு நூலகம் தன்னிடமுள்ள அச்சு நூலை மின்வருடி, அச்சுப் படிக்குப் பதிலாக மின்படியை வாசகருக்கு இரவல் தரும் முறையாகும். நூலகத்திடம் எத்தனை அச்சுப் படிகள் உள்ளனவோ அத்தனை பேருக்கு மட்டுமே ஒரே நேரத்தில் அந்நூல் கிடைக்கும். மின்படி இரவலில் இருக்கும்வரை அச்சுப் படியை வெளியே கொடுக்கக் கூடாது. ஐக்கிய அமெரிக்காவில் இம்முறையைப் பேரளவில் நடத்திய இணைய ஆவணகத்துக்கு எதிராக நான்கு பதிப்பகங்கள் 2020இல் வழக்குத் தொடுத்து வென்றன.

சட்டப் பின்னணி

அமெரிக்க நூலகங்கள் அச்சு நூல்களை இரவல் தருவதற்குப் பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை. இதற்கு அடிப்படை 'முதல் விற்பனை'க் கோட்பாடு. பாப்ஸ்-மெரில் பதிப்பகம் தன் புதினம் ஒன்றை ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று நூலிலேயே அச்சிட்டிருந்தது. மேசி அங்காடி அதனை 89 சென்டுக்கு விற்றது. ஒருமுறை விற்றுவிட்ட படியின் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த இயலாது என 1908இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கோட்பாடு 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றது. இதன்படி, வாங்கியவர் தம் படியை விற்கலாம், இரவல் தரலாம். ஆனால் புதிய படி எடுக்கும் உரிமை அவருக்கு இல்லை.

மின்னூல்கள் பெரும்பாலும் நூலகங்களுக்கு விற்கப்படுவதில்லை; உரிமம் மட்டுமே தரப்படுகிறது. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் தன் மின்னூல் ஒவ்வொன்றையும் 26 முறை மட்டுமே இரவல் தரலாம், அதன்பின் உரிமத்தை மீண்டும் வாங்க வேண்டும் என்று விதித்தது. வாங்கிய அச்சு நூலையே மின்வருடித் தரும் முறை, இவ்வுரிமக் கட்டணத்துக்கு வெளியே ஒரு வழியைத் திறந்தது.

இணைய ஆவணகமும் வழக்கும்

புரூஸ்டர் கேல் 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவிய இணைய ஆவணகம், 2011 முதல் பதிப்புரிமையுள்ள நூல்களையும் மின்வருடி இரவல் தந்தது. கொரோனாத் தொற்றால் நூலகங்கள் மூடப்பட்டபோது, 2020 மார்ச் 24 அன்று 'தேசிய அவசரகால நூலகம்' என்ற பெயரில் காத்திருப்புப் பட்டியலை நீக்கியது. இதனால் ஒரு நூலைப் பலர் ஒரே நேரத்தில் பெற முடிந்தது. முறையின் அடிப்படையான எண்ணிக்கைக் கட்டுப்பாடு தளர்ந்தது.

ஜூன் 1 அன்று ஹாசெட், ஹார்ப்பர்காலின்ஸ், ஜான் வைலி, பெங்குவின் ராண்டம் ஹவுஸ் ஆகியவை 127 நூல்களைக் குறிப்பிட்டு நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன. ஜூன் 16 அன்று அவசரகால நூலகம் மூடப்பட்டது. ஆயினும் வழக்கு அதனோடு நிற்கவில்லை. வழமையான இரவல் முறையையே பதிப்பகங்கள் எதிர்த்தன.

காசு கொடுத்து வாங்கிய நூலை ஒரு நேரத்தில் ஒருவருக்குத் தருவது நூலகத்தின் வழமையான பணியே என்றும், அது நியாயப் பயன்பாடு என்றும் ஆவணகம் வாதிட்டது. முழு நூலின் படியை அனுமதியின்றித் தருவது உரிமம் பெற்ற மின்னூலின் சந்தையைக் கெடுக்கிறது, ஆசிரியரின் வருவாயையும் குறைக்கிறது என்றன பதிப்பகங்கள்.

தீர்ப்பும் விளைவும்

2023 மார்ச் 24 அன்று நீதிபதி ஜான் கோல்டல் பதிப்பகங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2024 செப்டம்பர் 4 அன்று இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆவணகத்தின் பயன்பாடு வணிக நோக்கம் கொண்டது என்ற கீழ்நீதிமன்றக் கருத்தை அது ஏற்கவில்லை. எனினும் மின்படி மூல நூலின் இடத்தையே நிரப்புவதால் அது நியாயப் பயன்பாடு ஆகாது எனக் கூறியது. ஆவணகம் உச்ச நீதிமன்றத்தை நாடவில்லை.

இவ்வழக்கின் விளைவாக ஏறத்தாழ 5 இலட்சம் நூல்கள் இரவலிலிருந்து நீக்கப்பட்டன. வழக்குத் தொடுத்த பதிப்பகங்களின் நூல்களைப் பொறுத்தவரை, நீதிமன்றத் தடை மின்னூலாக விற்பனையில் உள்ளவற்றுக்கு மட்டும் வரையறுக்கப்பட்டது. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை இத்தீர்ப்பு பாதிக்கவில்லை. அச்சு நூலை வாங்கிய நூலகம் அது கிழியும்வரை இரவல் தரலாம். அதே நூலின் மின்படியை உரிமம் அனுமதிக்கும்வரை மட்டுமே தரலாம் என்ற வேறுபாடு தொடர்கிறது.