டோர்வல்காரர் ஒருவரின் இருபத்தேழு வருடக் கணக்கு

2009 ஜூலையில் மொன்றியலின் மேற்குத் தீவுப் பகுதியில் சில முதியவர்களின் காசோலைகள் பணமில்லாமல் திரும்பின. மாதச் செலவை அந்தக் காசோலைகளை நம்பியே ஓட்டியவர்கள் அவர்கள். காசோலைகளைக் கொடுத்தவர் ஏர்ல் ஜோன்ஸ். பொயின்ட் கிளேரில் கந்தோர், இங்கே டோர்வலில் கொண்டோ வீடு. சில நாட்கள் ஆளைக் காணவில்லை. ஜூலை 27ஆம் திகதி கியூபெக் மாகாணப் பொலிசார் அவரைக் கைது செய்தார்கள்.

டோர்வலில் இருந்து எங்கட சனத்துக்கு வருமான வரிக் கணக்குச் செய்துகொடுப்பது என் தொழில். இந்த வழக்கை நான் விடாமல் படித்ததற்குக் காரணம், அது எங்கள் வீடுகளிலும் நடக்கக்கூடிய விதத்தில் நடந்தது என்பதுதான். பங்குச்சந்தை, கணினித் திருட்டு எதுவும் இதில் இல்லை. ஒரு மனிதர் வீட்டுக்கு வருவார், தேநீர் குடிப்பார், கணவனை இழந்த பெண்ணுக்கு ஆறுதல் சொல்வார், பிறகு கணக்கு வழக்குகளைத் தானே பார்த்துக்கொள்வார். ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து வாரிசுகளின் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த வாரிசுகளுக்குக் கடன் கொடுக்கிறோம், நல்ல வட்டி வரும் என்பார். அப்படிக் கடன் வாங்கிய வாரிசு ஒருவரும் இல்லை. புதிதாக வந்தவரின் முதலை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுத்தார், மிச்சத்தில் தான் வாழ்ந்தார். 1982இலிருந்து 2009 வரை இது ஓடியது. 158 பேர், ஏறத்தாழ 5 கோடி டொலர். ஏமாந்தவர்களில் அவருடைய சொந்தச் சகோதரரும் ஒருவர். இல்லாத வட்டிக்குப் பலர் வருடாவருடம் வரியும் கட்டியிருக்கிறார்கள். என் தொழிலில் இருக்கிற எவருக்கும் இதைப் படிக்கும்போது வயிறு எரியும்.

இருபத்தேழு வருடம் ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை? கியூபெக்கின் நிதிச் சந்தை ஆணையம், அதாவது எல்லாரும் ஏ.எம்.எஃப். என்று சொல்கிற அமைப்பு, 2004 பெப்ரவரியில்தான் தொடங்கியது. அதற்கு முன்பும் கண்காணிப்பு இருந்தது. ஆனால் அந்தக் கண்காணிப்பு உரிமம் வாங்கியவர்களைச் சுற்றியே நடந்தது. ஜோன்ஸ் உரிமமே வாங்காதவர். பதிவில் பெயர் இல்லாததால் அவரிடம் ஆண்டறிக்கை கேட்பாரும் இல்லை, கணக்கைச் சோதிப்பாரும் இல்லை.

அதே காலத்தில் மொன்றியலில் நோர்பூர்க் வழக்கு நடந்தது. வின்சன்ட் லக்ருவா உரிமம் பெற்ற முதலீட்டு நிதியை நடத்தியவர். சுமார் 9,200 பேரின் பணத்தில் 10 கோடி டொலருக்கு மேல் காணாமல் போனது. 2005 ஓகஸ்டில் அவருடைய கந்தோர்கள் சோதனையிடப்பட்டன. அந்த விசாரணையில் இறங்கியது மத்திய பொலிசின் சந்தைக் குற்றப் பிரிவு. பெரிய மூலதனச் சந்தைக் குற்றங்களுக்காகவே 2003இல் அமைக்கப்பட்ட பிரிவு அது. மாகாணச் சட்டத்தின் கீழ் 2008 ஜனவரியில் லக்ருவாவுக்கு 12 வருடத்துக்கு ஒரு நாள் குறைவான சிறை விதித்தார்கள். மேல்முறையீடுகளில் அது 5 வருடத்துக்கு ஒரு நாள் குறைவாகச் சுருங்கியது. பிறகு குற்றவியல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2009 ஒக்டோபரில் 13 வருடம் கிடைத்தது. 2011 ஜனவரியிலேயே சிறையை விட்டு இடைத்தங்கல் இல்லத்துக்கு வந்துவிட்டார்.

ஜோன்ஸுக்கு 2010 பெப்ரவரியில் 11 வருடம். 2014இல், நான்கு வருடம் மட்டுமே உள்ளே இருந்துவிட்டு, பரோலில் வந்தார்.

சனம் கொதித்தது நியாயம். அந்தக் கொதிப்பில்தான் 2011இல் ஒட்டாவா இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது: பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட மோசடிக்குக் குறைந்தது இரண்டு வருடச் சிறை என்று ஒன்று, தண்டனையில் ஆறில் ஒரு பங்கு கழிந்ததும் கிடைத்த பரோலை ஒழிக்க இன்னொன்று. இரண்டும் முக்கியமாகக் குற்றவாளி எத்தனை நாள் உள்ளே இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. பணம் கரையும் முன்பே அதைத் தடுப்பது பற்றி அவற்றில் அதிகம் இல்லை. எழுபது வயதில் வீட்டை இழந்தவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தடுப்பு என்பதுதான் என் கட்சி.

பணத்தின் கதையைப் பாருங்கள். நோர்பூர்க் முதலீட்டாளர்கள் ஏ.எம்.எஃப்., கணக்காய்வாளர்கள் உட்படப் பலரை எதிர்த்துக் கூட்டு வழக்கு நடத்தி 2011இல் 5.5 கோடி டொலர் இழப்பீடு பெற்றார்கள். உரிமம் பெற்ற நிறுவனம் என்பதால் பொறுப்புக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். ஜோன்ஸிடம் கொடுத்தவர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் பிடித்தது வங்கியை. பெக்கன்ஸ்ஃபீல்டில் உள்ள றோயல் பாங்க் கிளையில் ஜோன்ஸ் தனிக் கணக்கொன்று வைத்து, அதைப் பிறர் பணத்தை அவர்களுக்காக வைத்திருக்கும் நம்பிக்கைக் கணக்கு மாதிரி நடத்தினார். அறிகுறிகள் தெரிந்தும் வங்கி பேசாமல் இருந்தது என்பது வழக்கு. 2012இல் 1.7 கோடி டொலரில் சமரசமானது. ஐந்து கோடி போன இடத்தில் அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் தொண்ணூறுகளில் இப்படி ஒரு காலம் வந்தது. பைனான்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராக மூழ்கின. 1997இல் அங்கே வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். நிறுவனத்தின் சொத்தை அரசே முடக்கி, தனி நீதிமன்றம் மூலம் விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் அடிப்படை. நடைமுறை இழுபறிதான், ஆனால் வரிசை சரியாக இருக்கிறது: முதலில் சொத்து, பிறகு சிறை. கியூபெக்கிலும் ஏ.எம்.எஃப். சொத்தை முடக்க உத்தரவு வாங்குகிறது. ஜோன்ஸ் விஷயத்தில் அது நடந்தபோது முடக்க அங்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

எங்கட ஆட்களிடம் இதைச் சொல்லும்போது சீட்டு ஞாபகம் வரும். மொன்றியலில் சீட்டுப் பிடிக்காத தமிழ்க் குடும்பம் குறைவு. நம்பிக்கையில் நடக்கிறது, பலருக்கு வீட்டு முற்பணமே அதில்தான் வந்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை. அதே நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு “அண்ணை, என்னட்டத் தாங்கோ, மாதம் ரெண்டு வீதம்” என்று வருபவரைத்தான் சொல்கிறேன். ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: “தம்பி, அவர் கோயிலுக்கு வாற ஆள், பதிவெல்லாம் எப்பிடிக் கேக்கிறது?” ஏ.எம்.எஃப். இணையப் பதிவேட்டைத் திறந்து அவர் கண்முன்னாலேயே பெயரைத் தட்டினேன். இல்லை. பிறகு இன்னொன்று கேட்டேன். போன வருடம் வட்டி வந்ததென்றால், பெப்ரவரி முடிவுக்குள் வட்டி வருமானத்தைக் காட்டும் தாள்களான மத்திய அரசின் டி5உம் கியூபெக்கின் ரெலவே 3உம் வந்திருக்க வேண்டுமே, எங்கே? கையால் எழுதிய ஒரு தாள்தான் இருந்தது. அந்த வாரமே முதலைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கோ, எழுத்தில் கேளுங்கோ என்றேன்.

2016இல் ஏ.எம்.எஃப். தகவல் தருவோருக்கான திட்டம் தொடங்கியது. பெயரை மறைத்துக் காக்கிறார்கள், பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பும் உண்டு, பணம் கிடையாது. அதே வருடம் தொடங்கிய ஒன்ராறியோவின் திட்டத்தில் 50 இலட்சம் டொலர் வரை வெகுமதி. கியூபெக்கும் கொடுக்கலாம். உரிமம் இல்லாதவரைப் பற்றி ஆணையத்திடம் தாளில்லை; அவரைத் தெரிந்தவர்கள் வங்கிக் காசாளரும் வரிக்கணக்குச் செய்பவரும் பக்கத்து வீட்டாரும்தான். விசாரணைக்காரர்கள் முதலில் வந்து உட்கார வேண்டியது எங்களோடு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வந்தால் நல்லது. அப்போதுதான் எல்லாருடைய தாள்களும் எங்கள் மேசையில் இருக்கும்.